நாற்பத்தொன்பது படங்கள்

சனிக்கிழமை. பஹாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசையில்
ஐம்பது படங்களைப் பரப்புகிறேன்,
சீட்டாட வந்தவனைப்போல.
கடைக்காரர் பார்க்கிறார். தே ஆயிஸ் ஒன்று சொன்னால்
பார்வையைத் திருப்பிக்கொள்வார்.

எங்கிருந்தோ வந்த படங்கள்.
பனி மூடிய சாலை. கலங்கரை விளக்கம்.
இலையுதிர்ந்த மரத்தடியில் சிவப்புக் குடை.
ஒன்றில்கூடச் செம்பனை கிடையாது,
குலை ஏற்றிய லோரி கிடையாது,
ஆலைப் பக்கமிருந்து நாலு மணிக்கு வரும்
புளித்த எண்ணெய் வாசம் படத்தில் ஏறாது, சரி.
பிளாஸ்டிக் உறையிட்ட பனியை
இரண்டு வருஷமாய்த் தோளில் சுமக்கிறேன்
இந்த வெயிலில்.

கேள்விகள் பயிற்சி முகாமில் தந்தவை:
இப்போதைய உன் வாழ்க்கைக்கு ஒரு படம்.
நீ ஏங்குவதற்கு ஒரு படம்.
கடவுளுக்கு ஒரு படம்.
அப்புறம் பேசலாம்.
"பேசலாம்" வரும் இடத்தில் புன்னகைக்க வேண்டும்,
அதையும் எழுதியே கொடுத்திருந்தார்கள்.

கோமளேஸ்வரி உட்கார்ந்தாள்.
ஆறாம் படிவம். டியூஷன் முடிந்து வருகிறாள்.
நெற்றியில் விபூதி, கையில் பொருளியல் நூல்.
ஐந்தேகால் பஸ்ஸுக்கு நேரமிருந்தது, அதனால்தான்.

முதல் கேள்விக்கு வார் அறுந்த செருப்பு.
"இது எங்க லயம். தோட்டத்த வித்தாச்சு.
தைக்கவும் மாட்டாங்க,
தூக்கிப் போடவும் மாட்டாங்க."
இரண்டாவதுக்குச் சாவி.
"வீடு. எங்க பேர்ல."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்,
விலை கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் சிரிப்பார்களே, அப்படி.

மூன்றாவதுக்கு நேரமெடுத்தாள்.
எல்லாரும் எடுப்பது மலையுச்சிச் சூரியன்,
தப்பினால் விரித்த கை.
அவள் ஓரத்தில் கிடந்ததை இழுத்தாள்:
கடை வாசலில் கட்டிப்போட்ட நாய்,
கண்ணாடிக் கதவையே பார்த்தபடி.

"இதுல கடவுள் யாரு?
உள்ள போனவரா, இல்ல..."
முடிக்க எனக்கு வாய் வரவில்லை.

"நாய்தான். சில நாளைக்கு.
நான் உள்ள எதையோ வாங்கிக்கிட்டே இருக்கேன்,
மறந்துடறேன்.
அது போகவும் மாட்டேங்குது.
மத்த நாள்ல நான்தான் வெளிய."

இந்த இடத்தில் சின்னப் புத்தகத்தை எடுக்க வேண்டும்.
நாலாம் பக்கம், பள்ளத்தின் மேல்
பாலமாய்ச் சாய்ந்த சிலுவை.
பைக்குள் போன கை திரும்பி வந்து
தே ஆயிஸ் கிளாஸின் வேர்வையைத் துடைத்தது.
மேய்ப்பன் தெரியும், கன்மலை தெரியும்,
குஞ்சுகளை அணைக்கும் கோழிகூடத் தெரியும்.
கயிற்றோடு காத்திருப்பவரை
யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை.

"சரி, நீங்க எடுங்க," என்றாள்.

நூற்றுப் பதினேழு பேரிடம் கேட்டிருக்கிறேன்,
கணக்கு இருக்கிறது.
ஒருத்தரும் படங்களை என் பக்கம் திருப்பியதில்லை.
தலைகீழாய் இருந்த சாலைகள்
முதல் தடவை எனக்கு நேராயின.
விரல் என்னைக் கேட்காமல் போய் நின்றது
வற்றிய நீச்சல்குளத்தில்.
ஏணி மட்டும் சுவரில் தொங்கும்.
இறங்கினால் சிமெண்ட்.

"எந்தக் கேள்விக்கு?"

மூணுக்கும் என்று சொன்னேனா, நினைத்தேனா,
அதற்குள் தகரக் கூரையில் மழை இறங்கிவிட்டது.
அவள் வாயைப் பார்த்தேன். என்னவோ சொன்னாள்.
பஸ் வந்தது. நூலை மார்போடு அணைத்துக்கொண்டு
தலை நனைய ஓடினாள்.

இரவு, ரூபன் அண்ணனுக்கு அனுப்பும் அறிக்கை.
பேசியவர்கள்: ஒருவர்.
சுவிசேஷம் சொல்லப்பட்டதா:
யார் யாருக்கு என்று
படிவத்தில் கேட்கவில்லை.
அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுப்
படங்களை எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

பொருளியல் நூலின் ஏதோ பக்கத்தில்
அடையாளமாய்ப் போயிருக்கும் அந்த நாய்,
மூன்றாம் டிவிஷனுக்கு,
ஐந்தேகால் பஸ்ஸில்,
நனையாமல்.